மலையக அலுமாரியை அகற்றாதீர்கள்

எமது பிரதேச சபையின் தவிசாளர், செயலாளர், உறுப்பினர்கள் மற்றும் நூலக ஆலோசனைக் குழுவினர் கவனத்திற்கு,

நூலக அறிவித்தற் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தீர்மானத்தை வாசித்தேன். சர்வதேச தராதர நூல் இலக்கம் (ISBN) இல்லாத நூல்கள் அனைத்தும் கழித்தொதுக்கப்படும் என்றும், இனிமேல் நூல்கள் யாவும் பதிவுபெற்ற ஒரே வழங்குநரின் பட்டியலிலிருந்து மட்டுமே கொள்வனவு செய்யப்படும் என்றும், அன்பளிப்பாக வரும் நூல்களுக்கும் இலக்க விதி பொருந்தும் என்றும், இவ்வாறு விடுபடும் இடத்தில் பரீட்சை வழிகாட்டி நூல்களுக்கான பகுதியொன்று அமைக்கப்படும் என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. இத்தீர்மானம் நிறைவேறினால் முதலில் வெறுமையாவது யன்னலோரம் நிற்கும் மலையக அலுமாரி. அந்த அலுமாரியிலிருந்து படித்து வளர்ந்தவளும், இன்று அதே நூலகத்துக்கு மாணவர்களை அனுப்பும் வரலாற்று ஆசிரியையுமான நான், இதனை ஏற்க முடியாது என்பதையும் அதற்கான காரணங்களையும் எழுத்தில் உங்கள் முன் வைக்கிறேன்.

அந்த அலுமாரி எப்படி உருவானது என்பது உங்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். ஓய்வுபெற்றுச் சென்ற முன்னைய நூலகர் ஒருவர், தமது பொறுப்புக் காலம் முழுவதும், மலையகத்தில் வெளிவந்த நூல்களை எழுதியவர்களிடமே கேட்டுப் பெற்றும், புத்தக வெளியீட்டு விழாக்களுக்குத் தாமே சென்று வாங்கியும் அங்கு சேர்த்தார். தோட்டப்புற வாழ்வைச் சொல்லும் நாவல்கள், சிறுகதைத் தொகுதிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தொழிற்சங்க ஊழியர்களும் தம் கைக்காசில் அச்சிட்ட வாழ்க்கைக் குறிப்புகள், தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், நாட்டார் பாடல் திரட்டுகள், வரலாற்று ஆய்வுகள் ஆகிய எல்லாவற்றையும் அவர் ஒரே இடத்தில் அடுக்கினார். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசாம்ச வகுப்பாக்கத்தின்படி பார்த்தால் அது முறைகேடு என்பதில் ஐயமில்லை. அந்த முறையில் தமிழ் நாவல் 894.811இல் இருக்க வேண்டும், இலங்கை வரலாறு 954.93இல், தொழிற்சங்கம் 331.88இல், நாட்டார் வழக்காறு 398இல், தேயிலைச் செய்கை 633.72இல். எம்மைப் பற்றிய எழுத்து அவ்வாறு ஐந்து மூலைகளுக்குச் சிதறிப்போனால், ஒரு நாவலைத் தேடி வந்தவர் அதன் பக்கத்தில் இருக்கும் வாழ்க்கைக் குறிப்பையும், அதற்கும் பக்கத்தில் இருக்கும் வரலாற்று நூலையும் கண்டெடுக்க வழியே இராது என்பதை அந்த நூலகர் உணர்ந்திருந்தார். அவர் செய்த முறைகேட்டுக்கு நான் இன்றுவரை நன்றியுடையவளாக இருக்கிறேன்.

கதையும் நினைவுக் குறிப்பும் வரலாறும் எங்களுக்கு அடுத்தடுத்து இருந்தாக வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. 1823இல் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் முதலாவது பெரிய கோப்பித் தோட்டம் தொடங்கப்பட்டது முதல், தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் முன்னோரைப் பற்றிய அரச ஆவணங்களும் தோட்ட ஆவணங்களும் பெரும்பாலும் எண்ணிக்கைகளாகவே உள்ளன. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் செக்ரோல் என்ற தோட்ட வேலைப் பதிவேட்டில் பதியப்பட்டார்கள், எத்தனை இறாத்தல் கொழுந்து பறித்தார்கள் என்பன அவற்றில் கிடைக்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியதையும், 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கி வைத்ததையும் எந்த வரலாற்று நூலிலும் படிக்கலாம். ஆனால் லயம் எனப்படும் ஒரே தொழிலாளர் வரிசை வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்தபோது அந்த வீட்டில் என்ன நடந்தது, தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்தில் எதை ஏற்றினார்கள், எதை விட்டுச் சென்றார்கள் என்பதை நாவலாசிரியரும், தம் கதையைத் தாமே எழுதி வைத்த முதியவரும்தான் சொல்லியிருக்கிறார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்கள் அங்குள்ள சிறிய அச்சகங்களில் அச்சிட்டு, உறவினர் கையில் கொடுத்தனுப்பிய மெல்லிய நூல்களும் அந்த அலுமாரியில் இருக்கின்றன. அவற்றை உங்கள் வழங்குநரின் பட்டியலில் நீங்கள் ஒருபோதும் காணமாட்டீர்கள்.

தனிமனிதர் தம் செலவில் வெளியிடும் நூலைத் தரக்குறைவான ஒன்றாகக் கருதும் மனப்பாங்கு இத்தீர்மானத்தின் அடியில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மலையக இலக்கியத்தின் வரலாற்றை ஓரளவு அறிந்த எவரும் அவ்வாறு கருதமாட்டார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர், பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் சிறு நூலுமாக அச்சிட்டே தம் இயக்கத்தை வளர்த்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரைப் பாட்டாக எழுதி, அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடவும் செய்தார். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டந்தோட்டமாகச் சேகரித்த மக்கள் பாடல்கள் நூலாக நிலைத்திருக்காவிட்டால், இன்று எங்கள் பிள்ளைகள் மேடையில் பாடும் பல பாடல்கள் அவற்றைப் பாடிய கிழவிகளோடு போயிருக்கும். பத்திரிகைகளில் கதை எழுதிப் பெயர்பெற்றிருந்த தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' 1979இலும், என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1980இலும் நூலுருப் பெற்றது வைகறை என்ற சிறிய வெளியீட்டு முயற்சியால். 1990களில் துரை விஸ்வநாதன் என்ற வர்த்தகர் தம் சொந்தப் பணத்தைக் கொட்டி, துரைவி பதிப்பகத்தின் பெயரில் மலையகச் சிறுகதைகளைத் தொகுப்புகளாக வெளியிட்டார். அந்தனி ஜீவா 'கொழுந்து' சஞ்சிகையையும் மலையக வெளியீட்டகத்தையும் நடத்தினார். இவர்களில் எவருக்கும் பெரிய நிறுவனப் பின்புலம் இருந்ததில்லை. சிறு வெளியீடுகளை விலக்கிவிட்டால் மலையக இலக்கியம் என்று நூலகத்தில் வைக்க உங்களிடம் அதிகம் மிஞ்சாது.

இனி இலக்க விதியைப் பார்ப்போம். சர்வதேச தராதர நூல் இலக்கம் ஒரு சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டதே 1970இல்தான். அதற்கு முன் அச்சான எந்த நூலிலும் அது இருக்க முடியாது. அதற்குப் பின்னரும் எமது நாட்டின் சிறு வெளியீட்டாளர்களிடையே அது வழக்கத்துக்கு வர நீண்ட காலம் எடுத்தது. ஆகவே உங்கள் விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால், 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவலின் பழைய பதிப்பையும் சி. வி.யின் நூல்களின் முதற்பதிப்புகளையும் வெளியே வீசிவிட்டு, கடந்த ஆண்டு அச்சான புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் தொகுதியை உள்ளே வைப்பீர்கள். அந்த இலக்கம் விற்பனைக்கும் விநியோகத்துக்கும் வசதியான ஓர் அடையாளம் மட்டுமே. அதை நூலொன்றின் தகுதிச் சான்றிதழாக எந்த நூலகவியல் பாடமும் கற்பிப்பதில்லை. உங்கள் நூலகரிடம் கேட்டாலே இதைச் சொல்வார். தீர்மானத்துக்கு முன் அவரிடம் கேட்கப்பட்டதா என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

ஒரே வழங்குநர் என்ற விதி இதைவிடவும் ஆழமாகப் பாதிக்கக்கூடியது. இங்கு நூல் எழுதுபவர் யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியர், தோட்டத்து வைத்திய உதவியாளர், கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து திரும்பிய இளைஞர், தையல் வேலை செய்துகொண்டே கவிதை எழுதும் பெண் ஆகியோரே பெரும்பாலும் எழுதுகிறார்கள். கொழும்பு அச்சகமொன்றில் முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதிகளுக்கு முற்பணம் கட்டுகிறார்கள். 2022இன் காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பின் அச்சுச் செலவு ஏறிய ஏற்றத்தில் அந்த முற்பணமே சிலருக்குத் தாலிக்கொடி அடகு. வெளியீட்டு விழாவில் முதற்பிரதிக்கும் சிறப்புப் பிரதிகளுக்கும் உறையில் வைத்துக் கொடுக்கப்படும் பணத்தால் செலவில் ஒரு பங்கு மீளும். எஞ்சிய பிரதிகள் காகிதக் கட்டுகளாக வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் சேரும். நகரத்துப் புத்தகக் கடைகள் விற்ற பின்னரே பணம் தரும், அதிலும் கணிசமான கழிவை எடுத்துக்கொள்ளும். மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் அந்தப் பணத்தைக் கேட்டுக் கொழும்புக்கு எத்தனை முறை போவார்? மலையகத்து ஈரக்காற்றில் ஆடி மழை முடிவதற்குள் அட்டையில் பூஞ்சணம் பூத்துவிடும். இப்படிப்பட்ட ஒருவர் வழங்குநராகப் பதிவு செய்து, வியாபாரப் பதிவுச் சான்றிதழ் இணைத்து, விலைமனு நிரப்பி, கழிவும் வழங்கித் தம் ஒரேயொரு நூலை உங்களுக்கு விற்க வேண்டும் என்பது நடைமுறையில் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

கணக்காய்வுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு சபைக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதியவரே வெளியீட்டாளராகவும் இருந்து, அவரிடம் மட்டுமே ஒரு நூல் கிடைக்குமானால், அதற்கு மூன்று விலைமனுக்களைக் கோருவதில் பொருளில்லை. வேறெங்கும் கிடைக்காத பொருளை நேரடியாகக் கொள்வனவு செய்வதற்கு அரச கொள்வனவு வழிகாட்டல்களில் இடமுண்டு. நூலின் பின்னட்டையில் விலை அச்சிடப்பட்டிருக்கும்போது அதிகவிலை கொடுத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

மலையக நூல்களை எவரும் இரவல் பெறுவதில்லை என்பது உங்கள் தரப்பின் வலுவான வாதமாகச் சொல்லப்படுகிறது. பதிவேட்டைக் காட்டினால் அது உண்மையென்றே தோன்றும். அந்தப் பதிவேடு ஏன் அப்படி இருக்கிறது என்பதை அலுமாரியைப் பயன்படுத்துபவர்கள் அறிவோம். முன்னைய நூலகர் போன பின் அலுமாரிக்குப் பூட்டுப் போடப்பட்டது. திறப்பு அலுவலகத்தில் உள்ள ஓர் உத்தியோகத்தரிடம் இருக்கிறது. அவர் வெளிக்களக் கடமைக்குச் சென்ற நாளில் அலுமாரி திறக்கப்படாது. இருக்கும் நாளிலும், எந்த நூல் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இருப்பதே தெரியாத நூலின் பெயரை ஒரு பதினேழு வயது மாணவி எப்படிச் சொல்லுவாள்? அந்நூல்களில் பெரும்பகுதி கணினிப் பட்டியலில் ஏற்றப்படவும் இல்லை, ஆகவே அங்கு தேடினாலும் அகப்படாது. அத்துடன் அவை உசாத்துணைப் பிரதிகளாகக் குறிக்கப்பட்டிருப்பதால் வீட்டுக்கும் கொடுக்கப்படுவதில்லை. இரவல் கொடுக்காத நூலை எவரும் இரவல் பெறவில்லை என்று எழுதி, அதைக் காரணமாகக் காட்டி அகற்றுவது எந்த வகை நியாயம் என்று விளங்கவில்லை.

பூட்டுப் போடுவதற்கு முன்பிருந்த நிலையை என் வகுப்பறை வழியாகவே சொல்ல முடியும். உயர்தர வரலாறு படித்த மாணவியொருத்தி கடந்தகால வினாத்தாள்களைப் பிரதி செய்ய நூலகத்துக்குப் போனாள். போட்டோப் பிரதி இயந்திரத்துக்குக் காத்திருந்தவள் யன்னலோர அலுமாரியில் ஒரு சிறுகதைத் தொகுதியை எடுத்துப் புரட்டியிருக்கிறாள். 1973, 1974 பஞ்சகாலத்தில் ஒரு தோட்டத்துக் குடும்பம் எதைத் தின்று உயிர்பிழைத்தது என்பது அதிலிருந்த கதையொன்று. கதை என்பதால் அவள் அதை நம்பவில்லை. அதே தட்டில் இருந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் நினைவுக் குறிப்பில் அதே பஞ்சம் ஊர்பேரோடு எழுதப்பட்டிருந்தது. பிறகு தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாக்கப்பட்டதைப் பற்றிய ஆய்வு நூலுக்குப் போனாள். அதற்கும் பிறகு தன் பாட்டியிடம் போய்க் கேட்டாள். பாட்டி அதுவரை அதைப்பற்றி வீட்டில் எவரிடமும் பேசியதில்லை. அடுத்த வாரம் வகுப்பில் அவள் எழுப்பிய கேள்விகளுக்கு விடை சொல்ல நானே மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. வினாத்தாளுக்காகப் போன பிள்ளை இத்தனையையும் கண்டடைந்ததற்கு ஒரே காரணம், திறந்திருந்த அலுமாரியில் மூன்று வகை நூல்களும் கையெட்டும் தூரத்தில் இருந்தமையே. வழங்குநரின் பட்டியலைப் பார்த்து நூல் கேட்பவர், தமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கேட்பார்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட கோவிந்தனையும், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் உயிர்நீத்த சிவனு லெட்சுமணனையும் என் மாணவர்களில் பலர் பெயரளவிலாவது அறிவார்கள். அதை அவர்கள் அறிந்தது தொழிற்சங்க மலர்களிலும் தனிநபர் வெளியிட்ட சிறுநூல்களிலுமே. அந்த மலர்களும் உங்கள் கழித்தொதுக்கல் பட்டியலில் சஞ்சிகை என்ற தலைப்பின் கீழ் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

தரம் பற்றியும் பேசியாக வேண்டும். சுயமாக வெளியிடப்படும் நூல்களில் எழுத்துப் பிழைகள் மலிந்திருப்பதை என்னைவிட அதிகம் சிவப்புமையால் திருத்தியவர் இங்கு குறைவு. ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, நயப்புரை, பதிப்புரை, நன்றியுரை எல்லாம் முடிந்து கதை தொடங்குவதற்குள் கையிலிருக்கும் தேநீர் ஆறிவிடும். பிரமுகர்களின் நிழற்படங்களுக்கே பல பக்கங்கள் செலவாகியிருக்கும். சில நாவல்கள் நாவலே அல்ல. சில வரலாற்று நூல்கள் ஒரு குடும்பத்தின் புகழ்ச்சி மாத்திரமே. எம்மவர் எழுதியது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கி அடுக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. வாசித்துத் தெரிவு செய்யுங்கள் என்றே கேட்கிறேன். இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதும் கழிவு வீதத்தை ஒப்பிடுவதும் வாசிப்பு ஆகாது. அத்துடன், நடை தடுமாறும் ஒரு கங்காணி மகனின் வாழ்க்கைக் குறிப்பில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கும் முறையும், அரைநாட் கூலியாக அரைப்பேர் போடும் கணக்கும், துண்டு என்ற விடுவிப்புச் சீட்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாத நிலையும் எழுதப்பட்டிருந்தால், அந்த நூல் இலக்கியமாகத் தோற்றாலும் ஆவணமாக நிற்கும். கோப்பியில் இலைநோய் தோன்றிய அதே 1869இல், தோட்டத் தொழிலாளருக்குக் கோப்பிச் செய்கையைப் போதிப்பதற்காக ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பி கிருஷிக் கும்மி' வெளிவந்தது. தோட்டத்தை நடத்திய துரைமார் பக்கம் நின்று பாடப்பட்ட நூல் அது. கவிதையாக அதை எவரும் கொண்டாடமாட்டார்கள். ஆனால் மு. நித்தியானந்தன் 2014இல் வெளிவந்த தமது 'கூலித்தமிழ்' நூலில் அதைக்கொண்டு அந்தக் காலத்தையே விரித்துக் காட்ட முடிந்தது, எங்கோ ஒரு பிரதி கழித்தொதுக்கப்படாமல் காக்கப்பட்டதால்.

பரீட்சை வழிகாட்டிகளுக்கு நான் எதிரியல்ல, அவை என் மாணவர்களுக்கும் தேவை. ஆனால் அவை நகரத்தில் எல்லா எழுதுபொருட் கடைகளிலும் கிடைக்கின்றன, பாடத்திட்டம் மாறினால் செல்லாக்காசாகின்றன. சபையின் நூலகத்தில் மட்டுமே கிடைக்கும் ஒன்றை அகற்றி எங்கும் கிடைக்கும் ஒன்றை வைப்பதற்கு இடப்பற்றாக்குறையைக் காரணம் காட்டாதீர்கள். உசாத்துணைப் பகுதியின் பின்சுவரோரம் உடைந்த கதிரைகளும் பழைய தேர்தல் பெட்டிகளும் குவிந்திருக்கும் இடத்தை அளந்து பார்த்தால் இரண்டு பகுதிகளுக்கும் போதுமானதாக இருக்கும்.

கொழும்பில் சுவடிகள் கூடம் இருக்கிறதே, இணையத்தில் நூலகம் இருக்கிறதே என்றும் ஓர் உறுப்பினர் கேட்டதாக அறிந்தேன். 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின்படி இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது உண்மை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் மலையக ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருப்பதும் உண்மை. அதை நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆயினும் அங்கு இல்லாத நூல்கள் எங்கள் அலுமாரியில் உள்ளன. பொக்கவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்து படிக்கும் வீட்டுக்கு இணையம் நூலகத்தின் மாற்றீடாகாது. பிரதேச சபைகளின் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிட முடியாதபடி 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை தடையாக இருந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அத்தனை ஆண்டுகளும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்று இருந்த ஒரே பொது நூலகம், பஸ் ஏறி வந்து சேரும் இந்த நகரத்து நூலகமே.

கழித்தொதுக்கப்பட்டவை எங்கு செல்கின்றன என்பதையும் கண்டிருக்கிறேன். முன்னர் நடந்த ஒரு கழிப்பின்போது, பின்கட்டு நடையில் நனைந்து கிடந்த குவியலில் எழுத்தாளர் கையொப்பமிட்டு நூலகத்துக்கு அன்பளித்த ஒரு வாழ்க்கைக் குறிப்பு இருந்தது. அவர் உயிருடன் இருந்தார், வாரந்தோறும் பத்திரிகை படிக்க அதே நூலகத்துக்கு வந்துகொண்டிருந்தார். குவியல் நிறையில் விற்கப்பட்டது. சேர்விலக்கப் பதிவேட்டில் அந்நூலின் பெயரைச் சிவப்புக் கோட்டால் வெட்டியிருந்ததைத் தவிர வேறெந்தப் பதிவும் வைக்கப்படவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. அலுமாரியை அகற்றும் பணியையும் கழித்தொதுக்கலையும், சபையின் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இவ்விடயம் விவாதிக்கப்படும் வரை உடனே நிறுத்துங்கள். கழிக்கவென ஏற்கெனவே பெட்டிகளில் இடப்பட்ட நூல்களின் பெயர்ப்பட்டியலை அறிவித்தற் பலகையில் பகிரங்கமாக ஒட்டுங்கள். நூல் இலக்கத்தைத் தகுதியாகக் கொள்ளும் விதியைக் கொள்வனவுக்கும் அன்பளிப்புக்கும் கழிப்புக்கும் முற்றாக நீக்குங்கள்.

நூல் கொள்வனவுக்கான வருடாந்த ஒதுக்கீட்டில் ஐந்தில் ஒரு பங்கையேனும் எழுத்தாளரிடமிருந்தும் சிறு வெளியீட்டாளரிடமிருந்தும் அச்சிட்ட விலைக்கு நேரடியாக வாங்குவதற்கென ஒதுக்குங்கள். வாங்கும்போது இரண்டு பிரதிகள் வாங்க வேண்டும். ஒன்று உசாத்துணைக்கு, மற்றது வீட்டுக்குக் கொடுத்தனுப்ப. இந்தப் பங்கை மலையக நூல்களுக்கு மட்டும் என்று குறுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் இதேபோலத் தம் கைக்காசில் அச்சிடுகிறார்கள். எமது பக்கத்துக் கிராமங்களின் சிங்கள எழுத்தாளர்களும் அவ்வாறே செய்கிறார்கள். அவர்களுடைய நாவலும் நினைவும் வரலாறும் எம்முடையவற்றுக்கு அருகில் இருக்கட்டும், எம்முடையவை தமிழ்த் தெரியாத வாசகருக்கும் மொழிபெயர்ப்பாகக் கிடைக்கட்டும். இந்த நூல்களைத் தெரிவு செய்ய நூலகர், இரு ஆசிரியர்கள், நூலக அங்கத்தவர்களில் இருவர் கொண்ட குழுவொன்றை அமையுங்கள். அங்கத்தவர்களில் ஒருவராவது தோட்டத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். தம் நூல் வாங்கப்படுவதைக் குழுவில் இருந்தபடி எவரும் தீர்மானிக்கக் கூடாது என்றும் விதியுங்கள், ஏனெனில் எங்கள் ஊரில் அந்த ஆபத்தும் உண்டு.

அலுமாரியின் பூட்டை எடுத்துவிடுங்கள். அதிலுள்ளவற்றைக் கணினிப் பட்டியலில் ஏற்றுங்கள், வகுப்பெண் எதுவாக இருந்தாலும் அவை ஒரே இடத்திலேயே அடுக்கப்பட்டிருக்கட்டும். மறுபதிப்பு இல்லாத அரிய பிரதிகளை மட்டும் தனியே வைத்து, உரிமையாளரின் சம்மதத்துடன் எண்ணிமப்படுத்துவதற்கு நூலகம் நிறுவனத்தோடு பேசுங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் பேச்சுப்போட்டியும் பரிசளிப்பும் நடத்தும் மண்டபத்திலேயே எழுத்தாளர்கள் தம் நூல்களைத் தாமே விற்க மேசைகளை இலவசமாகக் கொடுங்கள். 2018இன் சட்டத் திருத்தம் தந்த இடத்தைப் பயன்படுத்தி, மாதத்துக்கு ஒருமுறை சபை வாகனத்தில் தோட்டத்து முன்பள்ளிகளுக்கு நூற்பெட்டிகளை அனுப்பும் ஏற்பாட்டையும் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சேருங்கள்.

இம்மடலுக்கான பதிலைத் தமிழில், எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அடுத்த கூட்டத்தில் பார்வையாளர் பகுதியில் என் மாணவர்களோடும் இம்மடலில் கையொப்பமிட விரும்பும் ஏனைய வாசகர்களோடும் இருப்பேன். கழித்தொதுக்கல் பட்டியலைத் தயாரித்தது யார், எந்த அளவுகோலின்படி, வழங்குநர் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டார் ஆகிய விபரங்களைக் கோரி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியான விண்ணப்பமொன்றையும் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் ஒப்படைத்துள்ளேன். அதற்கான தீர்மானத்தைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. அதுவரையேனும் பெட்டிகள் பழைய கடதாசிக் கடைக்குப் போகாதிருப்பதைத் தவிசாளர் நேரில் உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
இந்நூலகத்தின் அங்கத்தவரும் வரலாற்று ஆசிரியையுமான ஒரு வாசகி